சாட்சித் துண்டு இல்லாத கோடை

மரத்துக்கு முன்னால் மட்டும்தான் நான் ஓரிடத்தில் நின்றிருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் நடைதான். சோறு வெந்துகொண்டிருக்கும்போதே வாசலுக்கும் கொல்லைக்கும் நாலு தரம் போய் வந்துவிடுவேன். ஐம்பத்திரண்டு வயதில், யாரும் போகச் சொல்லாமலே, நானாக வேலையை விட்டதற்கும் இந்தக் கால்தான் காரணம். கண் மங்கவில்லை, கை நடுங்கவில்லை. கால் வேறு இடம் கேட்டது, அவ்வளவுதான்.

போன மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள். மரபணு படிக்கிற வேலையை இனி இங்கேயே செய்துகொள்ளலாமாம், மெஷின் வந்து இறங்கிவிட்டதாம்.

"இனிமே கண்ணால பார்த்துப் பேரு வைக்கிற வேலையே இல்லக்கா" என்றாள் ஒருத்தி. "நீங்க எல்லாம் எப்படி வச்சீங்க? கண்ணுலயா, ஜீன்லயா?"

"ரெண்டுலயும்தான். ஒரு தடவ ரெண்டுக்கும் சண்டை வந்துடுச்சு."

"யாரு ஜெயிச்சாங்க?"

உட்காரச் சொன்னேன். அவர்களுக்கு மீட்டிங் இருந்தது. கிளம்பும்போது, "அப்படியே எழுதிக் குடுத்துடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன்.

முதலில், நாங்கள் எதற்குப் பெயர் வைத்தோம் என்று சொல்ல வேண்டும். பிரியாணிக்குப் போடும் கல்பாசி தெரியும் அல்லவா? அதன் குலம். லைக்கன். மரப்பட்டையில், பாறையில், பழைய குவார்ட்டர்ஸ் மதிலில், சுண்ணாம்பு அடித்தவன் கை உதறிவிட்டுப் போனதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு செடி இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். பூஞ்சை வீட்டைக் கட்டும், பாசி வெயிலில் சமைத்துப் போடும். ஆனால் பெயர் மட்டும் பூஞ்சையின் பெயர்தான். சமைக்கிறவளை யார் கேட்டார்கள்?

என் அப்பா மைன்ஸில் ஆபரேட்டர். மண்ணுக்குள் பார்த்தே வாழ்ந்தவர் அவர். நான் மண்ணுக்கு மேலே நாலரை அடி உயரத்தில் பார்த்து வாழ்ந்தேன். விருத்தாசலத்தில் தாவரவியல் படித்தேன். சில வருஷம் ஒரு பள்ளிக்கூடத்து லேபில் கண்ணாடிக் குழாய் கழுவினேன். பிறகு டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு பழைய வீட்டில் ஆரம்பித்த சின்ன ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் ஆனேன். கான்ட்ராக்ட். சீக்கிரம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்றார்கள். நான் பெர்மனென்டாகக் கான்ட்ராக்டிலேயே இருந்தேன்.

அங்கே தலைமை, ஞானசௌந்தரி மேடம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர், ஆனாலும் என்னை "பிள்ளே" என்றுதான் கூப்பிடுவார். நான் "மேடம்" என்பேன். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நின்றுகொண்டேதான் லென்ஸில் பார்ப்பார். உட்கார்ந்து பார்த்தால் கண்ணும் உட்கார்ந்துவிடும் என்பார். தப்பு என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "திரும்பப் பாரு" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு நாங்கள் நடுங்கினோம்.

அவரிடம் ஒரு வழக்கம். ஒரு லைக்கனுக்கு முதலில் வைக்கும் பெயரைப் பென்சிலில்தான் எழுத விடுவார். உருவம், உள்ளே இருக்கிற ரசாயனம், மரபணு மூன்றும் ஒன்றையே சொன்ன பிறகுதான் பேனா. லைக்கன் துண்டை மடித்து வைத்த பல காகிதப் பொட்டலங்கள் வருஷக்கணக்காகப் பென்சிலிலேயே கிடக்கும். "ஏன் மேடம், ஒன்னு போதாதா?" என்று ஒரு தடவை கேட்டேன். "ஒரு ஆளு சொன்னா அது சேதி, பிள்ளே. ரெண்டு பேரு தனித்தனியா வந்து சொன்னாத்தான் சாட்சி" என்றார்.

ரசாயனம் பார்ப்பது என் வேலை. சொல்லிவிடுகிறேன், இனி யாரும் செய்யப்போவதில்லை என்கிறார்களே. ஒரு துண்டை லென்ஸுக்குக் கீழே வைத்து, புது பிளேடால் மேல்தோலை மெல்லச் சீவ வேண்டும். உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு தெரியும். அதில் ஹைப்போ ஒரு பொட்டு. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார்களே, அதே ஹைப்போதான். மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் தொட்டு வைக்க வேண்டும். சில ஜாதிகளில் அந்த வெள்ளை சட்டென்று சிவக்கும், வெற்றிலை போட்ட வாய்போல. ஐந்து எண்ணுவதற்குள் மறைந்தும் போகும். கண் சிமிட்டினால் போச்சு. சிவந்தால் நோட்டில் கூட்டல் குறி, சிவக்காவிட்டால் கழித்தல்.

இதற்கு முன்னால் தினமும் காலையில் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கட்டாயம் சிவக்கும் என்று தெரிந்த ஒரு துண்டில் முதல் பொட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அது சிவந்தால்தான் அன்றைக்கு மருந்துக்கு வீரியம் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சாட்சித் துண்டு என்போம். மலையிலிருந்து வந்தது, ஒரு டப்பாவில் இருக்கும்.

இப்போது ரேவதி. வளையமாதேவிப் பெண். அப்பா நெல் போடுகிறவர், நிலத்தில் ஒரு பகுதி சுரங்கத்துக்குப் போயிருந்தது. மேடத்திடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். டவுன்ஷிப் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களிலும், வடக்குத்து ஊர்ப் பக்கத்து மாமரங்களிலும் ஒரு சாம்பல் நிற லைக்கன் ஒட்டியிருக்கும். இலை இலையாக, ஓரத்தில் மாவு பூத்து, அடியில் கறுத்து. இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே ஜாதிதான், எந்த மரமானாலும் அது தாங்கி வாழும் என்பதுதான் அவள் ஆய்வின் நடு அத்தியாயம். உருவம் அப்படித்தான் சொன்னது. என் நோட்டும் அப்படித்தான் சொன்னது. எல்லாம் கழித்தல்.

அவளுக்கு ஏற்கனவே ஒரு தடவை காலம் நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷம் அப்படியே போய்விடும்.

அந்த நேரத்தில்தான் மரபணு முடிவு வந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் நகக்கணு அளவு துண்டை ரேவதி சுத்தம் செய்து, குழாயில் போட்டு, கூரியரில் நகரத்துக்கு அனுப்புவாள். பூஞ்சையின் மரபணுவில் ஒரு சின்னப் பகுதியைப் படித்து எழுத்து எழுத்தாக மெயிலில் அனுப்புவார்கள். அவள் அதையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். கம்ப்யூட்டர் இரண்டு கிளையாகப் பிரித்துக் காட்டியது. தூங்குமூஞ்சி ஒரு கிளை, மாமரம் ஒரு கிளை. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு.

"வேற பூஞ்சை ஏறியிருக்கும்" என்றார் மேடம். அது நடக்கிறதுதான். லைக்கன்மேலேயே இன்னொரு பூசணம் குடியிருக்கும், மெஷின் அதைப் படித்துவிடும். "திரும்ப அனுப்பு."

திரும்ப அனுப்பினாள். திரும்ப அதே இரண்டு கிளை.

மேடம் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கழித்தல், கழித்தல், கழித்தல். பிறகு மூடி வைத்துவிட்டு, ரேவதியிடம், "அஞ்சலை கைமேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஜீன்லதான் என்னமோ இருக்கு" என்றார்.

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த வருஷம் மார்ச்சிலேயே சாட்சித் துண்டு டப்பா காலி. அடுத்த தடவை மலைக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஏப்ரல் போனது, மே போனது. ஹைப்போ பாட்டில் மூக்கைத் துளைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த நாற்றத்தை நம்பினேன். என் கண்ணை நம்பினேன். நடந்துகொண்டே இருக்கிறவளுக்கு, காலையில் ஒரு பொட்டு வைத்து, ஒரு துண்டின் முன்னால் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் போனது.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போகாமல் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போனேன். மளிகைக் கடையில் கல்பாசி கேட்டேன்.

"எத்தினி கிராம்மா? இன்னா, வூட்ல பிரியாணியா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா, பெரிய பிரியாணி."

கடைப் பொட்டலத்தில் மூன்று நாலு ஜாதி கலந்திருக்கும். எல்லாம் சிவக்காது. அகலமாக, பச்சைச் சாம்பலாக, அடியில் மையாகக் கறுத்திருப்பதைத்தான் பொறுக்க வேண்டும்; எங்கள் சாட்சித் துண்டும் அந்த ஜாதிதான். பக்கத்துக் கடையில் அன்றைக்கு வந்திறங்கிய ஹைப்போ ஒரு பாட்டில் வாங்கினேன். ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். ஜன்னல் பலகையில் எங்கள் பழைய பாட்டில் நின்றிருந்தது. மேற்கு வெயில் தினமும் அதன்மேல்தான் விழும். கண்ணாடியும் நிறமில்லாத கண்ணாடி; வெளிச்சம் பட்டால் ஹைப்போவின் வீரியம் போய்விடும். அங்கே வைத்ததும் நான்தான்.

கல்பாசியைச் சீவினேன். பழைய பாட்டிலிலிருந்து ஒரு பொட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. புதுப் பாட்டிலிலிருந்து ஒரு பொட்டு. எண்ண ஆரம்பிக்கவே இல்லை, சிவந்துவிட்டது.

கை கழுவினேன். மேடத்தின் அறைக்கதவைத் தட்டினேன். வழியில் ஒரே ஒரு எண்ணம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். யாருக்கும் தெரியாமல் நானே திரும்பப் பார்த்து நோட்டைத் திருத்திவிடலாமே என்று. நோட்டிலும் பென்சில்தானே. கதவைத் தட்டிய சத்தத்தில் அந்த எண்ணம் போனது.

சொன்னேன். மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மேசையில் வைத்தார்.

"எத்தன நாளா?"

"மார்ச்சுலேர்ந்து மேடம்."

"எத்தன பொட்டலம்?"

"முந்நூறுக்கு மேல."

"ரேவதிகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். நான் திரும்பியபோது பின்னாலிருந்து, "பிள்ளே, திரும்பப் பாரு" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தை திட்டாகக் கேட்கவில்லை. வேலையாகக் கேட்டது.

ரேவதி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அக்கா, நான் உங்க கூட்டல் கழித்தலப் பார்த்துத்தான எழுதினேன்? எங்கப்பா கேட்டா என்னன்னு சொல்றது? கல்பாசி வாங்க மறந்துட்டாங்கன்னா?"

"அப்படியே சொல்லு."

"ஒரு அத்தியாயம் முழுசும் போச்சுக்கா."

"ஆமா."

"உங்களுக்கு என்ன, ஆமான்னுட்டீங்க." எழுந்து போனாள். வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டிமேல் சாய்ந்து நின்றாள். நான் கதவருகிலேயே நின்றேன். பக்கத்தில் போகத் தைரியம் இல்லை. பிறகு திரும்பி, "இன்னும் எத்தன நாளு இருக்கு?" என்றாள்.

"பதினொண்ணு."

"அப்ப வாங்க."

பதினொரு நாள். காலையில் சாட்சித் துண்டு. மத்தியானம் மறுபடி சாட்சித் துண்டு. புது பாட்டிலைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து, சீவி, பொட்டு வைத்து, எண்ணி, மடித்தேன். ஒரு பொட்டலத்தின் மரபணுக் கிளை எது என்று எனக்குச் சொல்லக் கூடாது என்று மேடம் சட்டம் போட்டார். தெரிந்தால் கண் பொய் சொல்லும். ரேவதி வேறு அறையில் தன் பட்டியலோடு உட்கார்ந்தாள். நான் நிறத்தைச் சொல்லச் சொல்ல மேடம் நடுவில் நின்று குறித்தார். என் கால்கள் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தன. நாற்காலியை விட்டு மட்டும் எழவில்லை.

தூங்குமூஞ்சிமரத்து லைக்கன் சிவந்தது. மாமரத்தது சிவக்கவில்லை. ஒன்று மாற்றி ஒன்று, ரேவதியின் இரண்டு கிளையும் என் இரண்டு நிறமும் கை கோத்துக்கொண்டு வந்தன. ஒரே முகம், ஒரே சாம்பல், ஒரே மாவு. உள்ளே இரண்டு வேறு உயிர்.

ஒன்பதாம் நாள் ஒரு பொட்டலம் முரண்டு பிடித்தது. வடக்குத்துக்குத் திரும்பும் வளைவில் நிற்கும் பூவரச மரத்தில் எடுத்தது. மரபணு, மாமரத்து ஜாதி என்றது. என் பொட்டோ பளிச்சென்று சிவந்தது. மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் சிவப்பு.

"எங்க நின்னு எடுத்த? எந்தப் பக்கம்? நடுவுல யாரு தொட்டா?" மேடம் எப்போதும் கேட்கும் மூன்று கேள்வி. முதல் இரண்டும் பொட்டலத்தின்மேல் எழுதியிருந்தது. கிழக்கு, நாலரை அடி. மூன்றாவதற்குப் பதில், நாங்கள் இரண்டு பேரும்தான்.

மரத்துக்கே போனோம். ஜீப் ஓட்டும் முருகவேல் அண்ணன்தான் எங்களுக்கு ஏணியும் பிடிப்பார். மந்தாரக்குப்பத்துக்காரர்.

"இன்னாக்கா, ரெண்டு வருஷமா அதே மரத்தையே சொரண்டிகினு இருக்கீங்க. அதுக்கும் சொறி புடிச்சுரும்" என்றார்.

"தண்ணி பாட்டில் குடுண்ணா."

லைக்கன்மேல் தண்ணீரைத் தெளித்தேன். காய்ந்திருக்கும்போது எல்லாம் ஒரே சாம்பல்தான். நனைந்தால் மேல்தோல் லேசாகக் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற பாசியின் பச்சை எட்டிப் பார்க்கும். மேடம் நின்றார், குனிந்தார், லென்ஸை வைத்தார்.

"ரேவதி, பொட்டலத்துத் துண்டுல நீ எந்த ஓரத்துல சொரண்டின?"

"கீழ் ஓரத்துல மேடம்."

"அஞ்சலை?"

"மேல் ஓரம்."

லென்ஸை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். கைக்குட்டை அகலத்துக்கு ஒரே லைக்கன் என்று நாங்கள் நினைத்தது, இரண்டு. மேலே இருந்தது ஒரு பச்சை, கீழே இருந்தது இன்னொரு பச்சை. நடுவில் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விரல் கோத்தது மாதிரி பின்னிக் கிடந்தன. மரபணுவும் பொய் சொல்லவில்லை, நிறமும் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு பெயரைச் சொல்லச் சொல்லியிருந்தோம்.

"பக்கத்துல பக்கத்துல குந்திகினு இருந்தா ஒண்ணாயிடுமா?" என்றார் முருகவேல் அண்ணன், ஏணியைச் சாய்த்துக்கொண்டே. மேடம் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பொட்டலம் இரண்டு பொட்டலம் ஆனது. இரண்டுக்கும் அங்கேயே, ஜீப் பானட்டின்மேல் வைத்து, பென்சிலில்தான் பெயர் எழுதினார்.

மீதி இரண்டு நாளில் ரேவதி அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாள். ஒரே ஜாதி என்று இருந்த இடமெல்லாம் இரண்டு ஜாதி. செய்முறைப் பகுதியில் ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டு என்னிடம் காட்டினாள். வீரியம் போன ஹைப்போவால் முதல் சுற்று ரசாயனச் சோதனை முழுவதும் தவறானது, சாட்சித் துண்டு வைத்துப் பார்க்கவில்லை, எல்லாம் மறுபடி செய்யப்பட்டது என்று.

"உங்க பேரு போட வேணாம்க்கா. சும்மா சோதனை செய்தவர்னு போட்டுக்கறேன்."

"பேரு போடு. மறுபடி செஞ்சதும் நான்தான."

கடைசி நாள், அலுவலகம் மூடுவதற்கு முன்னால், கொடுத்துவிட்டாள்.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. அரங்கில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மேடம் என்னிடம், "பெட்டியோட வா. பொட்டலம், லென்ஸு, பிளேடு, மருந்து எல்லாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் ரேவதியின் அப்பா, சலவை வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பெரியவர். சிரிக்காத ஆள். ரேவதி ஒரு மணி நேரம் பேசினாள். அவர் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்தார். அந்த வாக்கியத்தைச் சத்தமாக வாசித்தார். அரங்கில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"முந்நூறு சோதனை தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப இதுல இருக்கிற மத்ததை நான் எதை வச்சு நம்பறதும்மா? இதுக்கு எப்படிப் பட்டம் குடுக்கறது?"

ரேவதி தன் பிரதியில் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டினாள். பக்கத்தில் அவள் அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார். மேடம் திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குப் பேச உரிமை இல்லாத இடம் அது. எழுந்துவிட்டேன்.

"நம்ப வேணாம் சார். பொட்டலம் எல்லாம் இருக்கு. நீங்களே எடுங்க."

"நீங்க யாரு?"

"அஞ்சலை. தப்பாப் பார்த்த ஆளு."

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். கொண்டுபோய் வைத்தேன். நடுவிலிருந்து ஒன்றை உருவினார். வெளியே எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை மட்டும் என்னிடம் கொடுத்தார். கெட்டிக்காரர். சீவினேன். பொட்டு வைத்தேன். அவர் லென்ஸில் குனிந்தார்.

"ஒண்ணும் வரலையே."

"வரலைன்னா அது மாமரத்து ஜாதி சார். ஆனா, மருந்து செத்துப்போயிருந்தாலும் வராது. அதனால இப்பவும் நம்பாதீங்க." டப்பாவைத் திறந்து கல்பாசித் துண்டு ஒன்றை எடுத்துச் சீவி, அவர் கண்ணுக்குக் கீழே வைத்தேன்.

"இது எந்த மலையில எடுத்தது?"

"மந்தாரக்குப்பம் மளிகைக் கடையில சார்."

இந்தத் தடவை அரங்கு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதே குழாய், அதே மருந்து, ஒரு பொட்டு. சிவந்தது. அவர் குனிந்தபடியே இருந்தார். சிவப்பு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, அடங்குகிறவரை பார்த்தார். பிறகு பொட்டலத்தின்மேலிருந்து கட்டைவிரலை எடுத்தார். மாமரம், வடக்குத்து, கிழக்குப் பக்கம் என்று எழுதியிருந்தது.

"இன்னொன்னு" என்றார்.

நான் குழாயைக் கழுவினேன். ரேவதி மேடையிலிருந்து இறங்கி வந்து, பெட்டியை எடுத்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"எத்தனை வேணும்னாலும் எடுங்க சார்" என்றாள்.